பத்துச்சீட்டு கேட்கவில்லை

அடையாள அட்டை இல்லாத யாரையும் உள்ளே விடக் கூடாது என்பதுதான் என் வேலை. கொடைக்கானலில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு நீள நோட்டு. வருகிறவர் பெயர், ஊர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கையெழுத்து. லைசென்ஸையோ வாக்காளர் அட்டையையோ காட்டி ஒரு நகல் கொடுத்தால்தான் நாற்காலியைத் தொடலாம். போலீஸ் உத்தரவு. ஹனிமூனுக்கு வந்த மாப்பிள்ளைகள் என்னை முறைப்பார்கள். பாஸ்போர்ட்டை லாட்ஜில் வைத்துவிட்டு வந்த ஒரு வெள்ளைக்காரரை மழையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே எடுத்து வந்தார். அரை மணி நேரம் மெயில் பார்க்க வந்தவரிடம் இவ்வளவு கேட்ட நான், எட்டு மாதம் தினமும் பேசிய ஒருவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்கவில்லை. விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. பகல் பதினொரு மணிக்கு மேல் சென்டரில் கூட்டம் இருக்காது. சுற்றுலாக்காரர்கள் ஏரியைச் சுற்றப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் ஓரத்துக் கம்ப்யூட்டர் என்னுடையது. நட்புத் தளம் ஒன்றில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. என் படம் இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாப்பூ. அன்று அந்தத் தளத்தில் பெண்கள் எல்லோரும் பூக்களாகவும் பொம்மைகளாகவும் பிறர் வீட்டுக் குழந்தைகளாகவும்தான் இருந்தோம். அவர் அருவியாக இருந்தார். பாறைமேல் கறுப்புக் கண்ணாடியுடன் ஒரு உருவம் நிற்கும். அருவி மட்டும் தெளிவாகத் தெரியும்.

நான் மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அவர் கோயம்புத்தூரில் சாப்ட்வேர் என்றார். இதைப் பொய் என்று நான் அப்போது நினைக்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் சொந்த ஊரைச் சொல்லாதே என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லாமல் இருந்தால் சந்தேகப்படுவார்களே என்று வேறு ஊரைச் சொன்னேன்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசுவோம். சாப்பிட்டாச்சா என்பதில் தொடங்கும். அவர் அம்மா அன்றைக்கு என்ன சமைத்தார் என்று எழுதுவார். பூண்டுக் குழம்பு என்றால் அன்று நாலு வரி கூடுதலாக வரும். மலைப்பூண்டில் வைத்தால்தான் அந்த ருசி என்றார் ஒருநாள். கோயம்புத்தூர் சாப்ட்வேருக்கு மலைப்பூண்டின் அருமை எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பசிதான் வந்தது. அதற்கப்புறம் என் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது நாலு நாள் விடாமல் விசாரித்தார். அதுவரை என்னிடம் யாரும் எதையும் இரண்டாவது நாள் விசாரித்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் வீடு பேத்துப்பாறைப் பக்கம், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் காலனியில். அப்பாவும் அம்மாவும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கப்பலேறி வந்து, முகாமில் இருந்து, இந்த மலையில் கூலி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்பா அங்கிருந்து கொண்டு வந்தவற்றில் கடைசிவரை தேயாமல் இருந்தது ஒரு வார்த்தை: பத்துச்சீட்டு. ஒரு தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டு இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய வேண்டுமானால் பழைய தோட்டத்துத் துரை கொடுக்கும் சீட்டு அது. இந்த ஆள் இன்னார், இங்கே இத்தனை வருடம் வேலை பார்த்தான், போகலாம் என்று இருக்கும். அது கையில் இல்லாதவனை எந்தத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். அப்பா தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருடம் ஆன பிறகும் சீட்டுக் கேட்பதை விடவில்லை. காலனிக்குப் புதிதாகப் பால் ஊற்ற வந்தவரிடம், "முன்ன எந்த ஊர்ல ஊத்துனீங்க, ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். அந்தப் பால்காரர் அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். நாங்கள் ஒரு மாதம் வெறும் தேத்தண்ணி குடித்தோம்.

அந்த வருடம் எனக்கு இருபத்து நாலு வயது. கோத்தகிரிப் பக்கம் இருந்த மாமா, அதாவது அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், தன் மகனுக்கு என்னைக் கேட்டார். மாப்பிள்ளை தேயிலை லாரி ஓட்டுகிறார், சொந்த லாரி என்றார்கள். அப்பா எங்கள் காலனியில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். "நீ யோசிச்சுச் சொல்லு புள்ள. அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம பதில் கேக்க ஆள் அனுப்பச் சொல்லிருக்கேன்" என்றார். யோசிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கோத்தகிரிக்கு ஆமாம் என்பதா, இல்லை என்பதா. என் மனசு முழுக்க அருவியிடம் இருந்தது. அருவிக்கு முகம்கூடக் கிடையாது. ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வது என்று தீர்மானித்தேன்.

பார்க்கலாமா என்று கேட்டது நான்தான். அவர் அரை நாள் பதில் போடவில்லை. அப்புறம் சரி என்றார். கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் நடுவே பழனி என்று முடிவானது. சனிக்கிழமை காலை பத்து மணி, அடிவாரம். எனக்கு வசதியாகப் போயிற்று. பெருமாள்மலையில் ஏறினால் நேரே பழனி. அதற்கும் மேலே, பழனிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். முருகனை இதில் இழுத்ததற்கு அப்போது கூச்சம்கூட இல்லை.

சென்டரில் ஜெராக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்ட அக்காவிடம் மட்டும் சொன்னேன். கொடைக்கானலிலேயே பிறந்து கான்வென்டில் படித்தவர். கணவர் ஜீப் ஓட்டுகிறார். அக்கா என்னைத் திட்டவில்லை. ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"பப்ளிக் பிளேஸ்லதான் மீட் பண்ணணும். ரூம், கீம், கார்னு எங்க கூப்பிட்டாலும் போகக் கூடாது. அவரு வாங்கிக் குடுக்குற எதையும் சாப்பிடக் கூடாது. உன் டீய நீயே போயி வாங்கு, கண்ணு முன்னாடி ஊத்தச் சொல்லு."

"விரதம்னு சொல்லிரவா?"

"என்னத்தையோ சொல்லு. அவரு அடையாளத்த நீ வாங்கிக்க. உன் அடையாளத்தக் குடுக்காத. தூர நின்னு பாரு. பிடிக்கலையா, அப்படியே பஸ் ஏறிரு. யாருக்கும் நஷ்டமில்ல."

பத்து மணியிலிருந்து மணிக்கொரு மிஸ்டு கால் நான் கொடுக்க வேண்டும் என்பது அடுத்த விதி. ஒரு மிஸ்டு கால் என்றால் நலம். அடுத்தடுத்து இரண்டு என்றால் ஆள் அனுப்பு. மிஸ்டு காலே வராவிட்டால் அக்கா தானாக ஏதாவது செய்வார். என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. கடைசியாக அக்கா தன் சேலை முந்தானையில் குத்தியிருந்த பெரிய ஊக்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் போகிற பெண்களுக்கு இது எதற்கு என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

சனிக்கிழமை வெள்ளனே ஜீப்பில் பெருமாள்மலை வந்தேன். குளிர் பல்லைத் தட்டியது. சுடிதாருக்கு மேலே ஸ்வெட்டர், தலையில் மப்ளர். கொடைக்கானலிலிருந்து வந்த முதல் பஸ் ஏற்கெனவே நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் நடைவழியை ஒட்டிய சீட் ஒன்று கிடைத்தது. என்னை ஒட்டி ஒரு ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கழுத்துவரை ஏற்றிவிட்டிருந்தார், குரங்குக் குல்லா போட்டிருந்தார். இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அதையும் மூடியிருந்தார். தூக்கமோ, தூக்கம்போல நடிப்போ, தெரியவில்லை.

பழனி மலைப்பாதையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. முதல் வளைவில் என் தோள்மேல் சாய்ந்தார். இரண்டாவது வளைவு எதிர்ப்பக்கம் திரும்பியதால் அந்தப் பக்கம் போனார். மூன்றாவதில் மறுபடி வந்தார். நான் அன்றைக்கு உலகத்தில் உள்ள எல்லா ஆண்களையும் சந்தேகப்படத் தயாராகக் கிளம்பியிருந்தேன். ஐந்தாவது வளைவில் அவர் இடுப்பில் ஊக்கை ஏற்றினேன். ஸ்வெட்டர் கனமாக இருந்ததால் கொஞ்சம் அழுத்தியே ஏற்ற வேண்டியிருந்தது.

"அம்மா!" என்று துள்ளிவிட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஏங்க, பஸ்சு வளையுது. நான் என்னங்க பண்ணுவேன்?"

"பஸ்சு வளையட்டும். நீங்க நிமிந்து நில்லுங்க."

பின்சீட்டு அம்மா ஒருவர், "நல்லாக் கேளு தாயி" என்றார். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அந்த ஆளின் தோளைத் தட்டிப் பின்னால் அனுப்பினார். "விடுங்க சார், பின்னால எடம் கெடக்கு, வாங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதையை நான் கவனித்திருக்கலாம். ஊக்கு நன்றாக வேலை செய்கிறது என்ற திருப்தியில் இருந்தேன்.

பழனியில் ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஸ்வெட்டரையும் மப்ளரையும் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன். பத்து மணிக்கு அக்காவுக்கு முதல் மிஸ்டு கால் கொடுத்துவிட்டு அடிவாரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். எங்கு பார்த்தாலும் சந்தனம் தடவிய மொட்டைத் தலைகள். நீலக்கட்டம் போட்ட சட்டை, பஞ்சாமிர்தக் கடை ஓரம் என்பது அவர் கொடுத்த அடையாளம். விதிப்படி என் அடையாளத்தை நான் கொடுக்கவில்லை.

நீலக்கட்டச் சட்டை வந்தது. நல்ல உயரம். முகம் அருவியைவிடத் தெளிவாக இருந்தது, பார்க்கவும் நன்றாக இருந்தது. அப்புறம்தான் அவர் இடது கையில் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். சாம்பல் நிற ஸ்வெட்டர். அதன் மடிப்பிலிருந்து குரங்குக் குல்லாவின் ஒரு காது தொங்கியது. வலது கையால் அவர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து பழனிக்கு எவனும் ஸ்வெட்டர் எடுத்து வர மாட்டான். மலையிலிருந்து இறங்குகிறவன் கையில்தான் அது இருக்கும். எங்கள் ஆட்கள் பொய்யை எவ்வளவு யோசித்துக் கட்டினாலும் ஸ்வெட்டரை வீட்டில் விட்டு வர மாட்டோம். மாலையில் திரும்ப மேலே ஏற வேண்டுமே. இதை நினைத்து எனக்கு ஒரு இளக்காரச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு அவர் என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் கையில் கிடந்த பச்சை ஸ்வெட்டரையும் மப்ளரையும் பார்த்தார்.

"மதுரையில இப்ப ரொம்பக் குளிருதோ?" என்றார்.

ஓடியிருக்க வேண்டும். அக்காவின் தாளில் பொய் சொன்னால் ஓடு என்று எழுதவில்லை, இருந்தாலும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் நானும் அதே பொய்யைத்தானே சொல்லியிருந்தேன்.

"கோயமுத்தூர்லயும் அப்படித்தான் போலருக்கு" என்றேன்.

சிரித்துவிட்டோம். அவர் கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் பார்க்கிறார். அங்கே ஆபீஸிலேயே இன்டர்நெட் இருந்ததால் எங்கள் சென்டர் படியை மிதித்ததில்லை. மிதித்திருந்தால் நகல் வாங்கியிருப்பேன். எட்டு மாதமாக நாங்கள் தட்டிய செய்தியெல்லாம் ஒரு ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. பாதுகாப்புக்குத்தான் ஊரை மாற்றிச் சொன்னேன் என்றார். நானும் அதற்குத்தான் என்றேன். மற்றதெல்லாம் நிஜம்தானே என்று கேட்டேன். நிஜம்தான் என்றார்.

டீக்கடை வாசலில், கூட்டத்தின் நடுவே, அவரவர் டீயை அவரவர் வாங்கிக் குடித்தோம். டீயைக் கண் முன்னால் ஊற்றச் சொன்னேன். டீக்கடைக்காரர் வேறு எங்கே ஊற்றுவது என்று கேட்டார். காலையில் குத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க, அசந்துட்டேன். நைட் டூட்டி" என்றார். எனக்கு இரக்கமாகப் போயிற்று. இரண்டாவது முறையும் மன்னிப்புக் கேட்டேன். அவர் நன்றாகப் பேசினார். எழுத்தில் இருந்த அதே ஆள்தான். அம்மாவுக்கு இப்போது காய்ச்சல் எப்படி என்று மறக்காமல் கேட்டார். நான் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் மிஸ்டு கால் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் சந்தோஷமாகக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கோத்தகிரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் இன்னும் யோசிக்கவில்லை.

மலையேற ஒன்றரை மணி பஸ். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமென்றால் இருவருக்கும் அதுதான். விதிப்படி தனித்தனியாக ஏறினோம். நான் முன்னால் பெண்கள் சீட்டில், அவர் பின்னால். அதே பஸ், அதே கண்டக்டர். பாலாறு அணை தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் டிக்கெட் கொடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஏந்தாயி, ஊக்கு இன்னும் கையிலதான் இருக்கா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்டக்டருக்கு என் மேல் கோபம் இல்லை. ஆனால் நியாயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்ற முகம்.

"நீ குத்துனத நான் தப்புன்னு சொல்லல. பொம்பளப்புள்ளக அப்படித்தான் இருக்கணும். ஆனா அந்த சார் அப்படிப்பட்ட ஆளு இல்ல தாயி. ரெண்டு வருசமா இந்த ரூட்டுல பாக்குறேன், தங்கமான மனுசன். போன மாசம்தான் பாப்பாவுக்கு மொட்ட போட இதே பஸ்ல வந்தாரு. வீட்டம்மாவுக்கு வளைவு ஒத்துக்காம வாந்தி. புள்ளைய ஒரு கையில புடிச்சிக்கிட்டு, அந்தம்மா தலைய ஒரு கையில தாங்கிக்கிட்டு, பழனி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தாரு. எந்தப் புருசன் அப்படி வருவான்? சும்மா சொல்லக் கூடாது."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். என் அப்பா ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த சீட்டு அதுதான். இந்த ஆள் இன்னார், இத்தனை வருடமாகத் தெரியும், நல்லவர். இதைவிட நல்ல பத்துச்சீட்டை நான் கண்டதில்லை.

முதலில் நினைவுக்கு வந்தது பூண்டுக் குழம்பு. அதை அவர் அம்மா வைக்கவில்லை. அதற்கப்புறம்தான் அந்தக் குழந்தை. ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்றுகூடக் கண்டக்டர் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது. குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே நீட்டினார். மடியில் ஒரு கேரி பேக்கையும் விரித்து வைத்தார். "உள்ள வச்சிருக்காத, எடுத்துரு கண்ணு" என்றார். எலுமிச்சையை மோந்துகொண்டே அழுதேன். ஆறு வளைவுக்கு அழுதேன்.

ஏழாவது வளைவில் எழுந்தேன். கம்பி கம்பியாகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் ஜன்னலோரம் குல்லா போடாமல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் பேசியது பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"காலையில குத்துனதுக்கு மன்னிப்புக் கேட்டேன்ல" என்றேன்.

"நான் சொல்லணும்னுதான்..."

"ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டையும் திருப்பி எடுத்துக்கிறேன்."

திரும்பி என் சீட்டுக்கு வந்தேன். நடக்கும்போது பஸ் வளைந்து நான் இரண்டு பேர்மேல் விழுந்தேன். யாரும் குத்தவில்லை.

இந்தக் கலவரத்தில் எனக்கு ஒன்று மறந்துபோனது. மலைப்பாதையில் சிக்னல் கிடையாது. மலையிலேயே பிறந்த நானும் அக்காவும் உட்கார்ந்து திட்டம் போட்டோம், இது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இரண்டு மணி மிஸ்டு கால் போகவில்லை. மூன்று மணிக்கும் போகவில்லை. அக்கா ஏதோ செய்வார் என்று சொன்னேனே, அதைச் செய்துவிட்டார். எங்கள் காலனிப் பெட்டிக்கடையின் காயின் போனுக்கு அடித்து அப்பாவைக் கூப்பிட்டு, முதலிலிருந்து கடைசிவரை சொல்லிவிட்டார்.

பெருமாள்மலையில் நான் இறங்கியபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அக்கா, அக்காவின் கணவர், ஜீப் ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு பேர். ஒருவர் கையில் ஜாக்கி லிவர் இருந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா என் கை, கால், முகம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். அப்புறம் பஸ்ஸைப் பார்த்தார்.

"எந்த ஆளு?"

பஸ் கிளம்பவில்லை. பின் ஜன்னலில் நீலக்கட்டச் சட்டை தெரிந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும். அந்த நேரத்தில் எனக்கு நீட்ட ஆசையாகத்தான் இருந்தது. மொட்டை போட்ட ஒரு குழந்தை கொடைக்கானலில் எங்கோ அந்த ஆள் வரட்டும் என்று காத்திருக்கும். அதற்காக விட்டேன், அவருக்காக இல்லை.

"ஆளு வரலப்பா" என்றேன். பஸ் கிளம்பிப் போனது.

வீட்டுக்குப் போகும் ஜீப்பில் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். ஸ்வெட்டர், ஊக்கு, கண்டக்டர், எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன். வேலைக்குப் போக வேண்டாம் என்பார் என்று பயந்தேன், அதுதான் எனக்குப் பெரிய பயம். வீடு வந்து சேர்ந்தோம். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். பாதி குடித்துவிட்டுத்தான் அப்பா வாயைத் திறந்தார்.

"எட்டு மாசம் பேசியிருக்க. முன்ன எங்க இருந்தாரு, யாருக்குத் தெரியும்னு ஒரு வார்த்த கேக்கலியா புள்ள?"

"கேக்கலப்பா."

"பால்காரனுக்குக் கேட்டனே நானு."

"தெரியும்ப்பா."

அப்பா மீதித் தேத்தண்ணியைக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"கோத்தகிரிப் பையனுக்கு நானும் கேக்கல. சொந்தக்காரன்தானேன்னு விட்டுட்டேன்."

அம்மா உள்ளேயிருந்து, "எங்க அண்ணன் மகனுக்கு எதுக்குச் சீட்டு?" என்று சத்தம் போட்டார். அப்பா காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் அனுப்ப வேண்டாம் என்று மாமாவுக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை வெள்ளனே எழுந்து, தன் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, பழனி போகும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அங்கிருந்து கோயம்புத்தூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோத்தகிரி. அவர் அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே நமக்கு மாமா வீட்டைத் தவிர யாரையும் தெரியாதே, யாரிடம் போய் விசாரிப்பீர்கள் என்று வாசலில் நின்று கேட்டேன்.

"அந்த ஊரு பஸ்சுலயும் ஒரு கண்டக்டர் இருப்பாருல்ல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.